கூவத்துப் பாசியைக் கற்ற பேராசிரியர்

பாசி என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் மனத்தில் எழுவன வழுக்கலும் வெறுப்புமேயாம். கேணிப் படியிற் படர்ந்தால் அது காலை வாரும். குளத்தை மூடினாற் குளிக்க வந்தோரைத் திருப்பி அனுப்பும். கிணற்றுக் கட்டிற் பிடித்தால் வீட்டுக்காரர் தும்புத்தடியும் சுண்ணாம்புமாக இறங்கிவிடுவர். சங்கப் புலவர் அதனை உற்றுநோக்கித் தலைவியின் பசலைக்கு உவமையாக்கினர். அவ்வளவோடு நம் இலக்கிய உலகம் பாசியை விட்டுவிட்டது. அதனையே தம் வாழ்நாட் கல்வியாகக் கொண்டு, அழுக்கு நீரிலும் அறிவுக்கு இடமுண்டு எனக் காட்டிய ஒருவர் சென்னை மாநகரிலே வாழ்ந்தார். மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் என்பது அவர் முழுப்பெயர். தாவரவியல் கற்றோர் அவரை எம். ஓ. பி. ஐயங்கார் என்று சுருக்கியும், பாரதநாட்டுப் பாசியியலின் தந்தை என்று விரித்தும் கூறுவர்.

ஐயங்கார் 1886ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 15ஆந் தேதி சென்னையிலே பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும், பின்னர்ப் பிரசிடென்சி என வழங்கும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1906இல் இளங்கலைப் பட்டமும் 1909இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். உடனே சென்னை அரசாங்க நூதனசாலையிற் பணி கிடைத்தது. இரண்டாண்டு கழித்து, 1911இல், ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளரானார். ஆசிரியர்களுக்கு ஆசிரியராய் ஒன்பது ஆண்டு இருந்த அநுபவத்தை அவர் வரலாறு எழுதுவோர் ஒரு வரியிற் கடந்து செல்வது வழக்கம். யானோ அதனைச் சிறிதாக எண்ணவில்லை. கண்ணால் கண்டதைப் பிறர் கண்ணுக்குப் புலப்படுமாறு சொல்லவும் வரையவும் வல்லவரே பாசியியலில் நிலைக்க முடியும். அவ்வித்தை வகுப்பறையிற் பழகுவது. 1920இல் அவர் மாநிலக் கல்லூரியிலே தாவரவியற் பேராசிரியராக அமர்ந்தார்.

ஈழத்துப் பாடநூல்கள் அல்கா என்று எழுதும் உயிர்களையே யாம் இங்கே பாசி என்கின்றோம். அச்சொல் ஒரு குலத்தைக் குறிப்பதன்று. பல குலங்களை ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்து வைத்த பெயர். ஒரே கலத்தால் ஆகிக் கண்ணுக்குத் தோன்றாதனவும் உள; கடலடியில் மரம்போல் ஓங்குவனவும் உள. நீலப்பச்சைப் பாசி எனப்பட்டவை உண்மையிற் பற்றீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தவை. ஆதலின் இக்காலத்தார் அவற்றைச் சயனோபற்றீரியா என்பர். எனினும் இவை அனைத்துக்கும் பொதுவான தொழில் ஒன்றுண்டு. கதிரவன் ஒளியைக் கொண்டு காபனீரொட்சைட்டை உணவாக்கி, ஒட்சிசனை வெளிவிடுவதே அது. இத்தொழிலை மறவாதிருந்தால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

ஐயங்கார் பேராசிரியரான காலத்தில் நம் பக்கத்துப் பாசிகளைப் பற்றி அறிய விரும்பியோர் ஐரோப்பியரின் நூல்களையே நாடவேண்டியிருந்தது. அங்குள்ள குளங்கள் மாரியில் உறைவன. நம் குளங்கள் கோடையில் வற்றுவன. அங்கு எழுதிய இலக்கணம் இங்கு எங்ஙனம் செல்லும்? வெப்பநாட்டுப் பாசிக்கு வெப்பநாட்டிலேயே விடை தேடவேண்டும் என்பது அவர் துணிபு. ஆகவே அவர் சென்னையின் மழைநீர்க் குட்டைகளையும், கோயிற் குளங்களையும், வயல்களையும், கடற்கரையையும் தமக்கு ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். 1925இல் வலைப்பாசியின் புதிய இனம் ஒன்றைச் சென்னையிலிருந்து உலகுக்கு அறிவித்தார். ஐதரோடிக்தியன் என்பது அதன் பேரினப் பெயர். கலங்கள் முனையோடு முனை பொருந்தி, வலைஞர் பின்னிய வலைபோற் கண்கண்ணாக அமையும் அழகுடையது அது. புதிய இனத்துக்கு இந்தியாவின் பெயரே சிறப்புப் பெயராயிற்று.

1927இல் அவர் பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி எழுதியது சென்னை நூதனசாலையின் வெளியீடாக வந்தது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வாழ்வோர்க்கு இச்செய்தி வேற்றூர்ச் செய்தியன்று. குருசடை மன்னார்க் குடாவின் வாயில். நம் தீவுகள் பாக்கு நீரிணையின் நடுவே. இடையில் உள்ளது ஆழமற்ற கடல். அங்குக் கரையொதுங்கும் பாசிகளுட் பல இங்கும் ஒதுங்குகின்றன. ஊர்காவற்றுறைப் பக்கத்தார் சாதாழை என்று அள்ளிக்கொண்டுபோய்ப் பயிருக்கு எருவாக இட்டவற்றின் உறவினரையே ஐயங்கார் அங்கே பெயரிட்டு வரிசைப்படுத்தினார். ஈழத்துக் கடற்பாசிகளுக்கு அத்தகைய விரிவான ஏடு 1961இலேதான் மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாகத் துரைரத்தினம் என்பவரால் வந்தது.

நாற்பதைக் கடந்த பேராசிரியர், தம்மிடம் மாணவர் பலர் பயிலும் நிலையில், தாமே மாணவராகி இலண்டன் சென்றார். அங்குக் குவீன் மேரிக் கல்லூரியிலே பீலிக்சு இயூஜின் பிரிட்சு என்பவர் தாவரவியல் ஆசிரியராய் விளங்கினார். அவர் ஐயங்காரினும் ஏழாண்டே மூத்தவர். பாசியியலில் அக்காலத்துத் தலைசிறந்தவர். ஈழத்து நன்னீர்ப் பாசிகளைப் பற்றி 1907இலேயே ஆராய்ந்து எழுதியவர். வெப்பநாட்டுப் பாசியின் தனித்தன்மையை உணர்ந்த ஐரோப்பியர் அக்காலத்திற் சிலரே. அவருள் முன்னின்றவரை ஐயங்கார் ஆசானாகத் தேர்ந்தது தற்செயலன்று. 1930ஐ ஒட்டி அவர் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். மாணவருக்குப் பாடம் சொல்லும் நிலையை எய்திய பின் மீண்டும் ஒருவர் முன் அமர்ந்து கற்க மனம் ஒருப்படுவது எளிதன்று என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர்.

குருதட்சிணை என்னலாம்படி ஒன்றை அவர் 1932இற் செலுத்தினார். மழைநீர்க் குட்டைகள் வற்றும் வேளையில், ஈரம் புலராத சேற்றின்மேல் வாழும் பச்சைப் பாசி ஒன்றை அவர் கண்டார். அதன் ஒரு பகுதி மண்ணுக்குள்ளே கிடையாகப் படர்ந்து கிழங்குபோற் பருத்திருந்தது. மற்றொரு பகுதி இழையிழையாய் நிமிர்ந்து வெளியே எழுந்தது. வேர்போன்ற மெல்லிழைகளும் கீழிறங்கின. நீரிற் பிறந்த குலம் நிலத்தில் ஏறி நிற்கக் கற்றுக்கொண்ட காட்சி அது. ஆசிரியர் பெயரால் அதனைப் பிரிட்சியெல்லா என்றும், கிழங்குத் தன்மை பற்றித் தியூபரோசா என்றும் அவர் அழைத்தார். நிலத் தாவரங்களின் மூதாதையர் எத்தகையராய் இருந்திருப்பர் என்று ஆராய்ந்தோர் பல்லாண்டு இச்சிற்றுயிரைச் சுட்டிக்காட்டி வந்தனர். அண்மைக் காலத்து மரபணு ஆய்வு நிலத் தாவரங்களை வேறொரு பச்சைப்பாசிக் கிளையோடு இணைக்கின்றது. பிரிட்சியெல்லா தனக்கெனத் தனிவழியில் நிலமேறியது என்று இப்போது கொள்ளப்படுகின்றது. அதனால் அதன் வியப்புக் குறைந்ததாக யான் கருதேன். ஒரே வித்தையை இரு குலத்தார் தனித்தனியே கற்றனர் என்பது இன்னும் வியப்பன்றோ?

1930களிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுகூடம் ஐயங்காரின் பொறுப்பில் வந்தது. அங்கிருந்து புறப்பட்ட மாணவர் பரம்பரையே அவர் ஆக்கங்களுட் பெரியது எனலாம். தி. வே. தேசிகாசாரி அவருள் ஒருவர். 1959இல் வெளிவந்த அவருடைய சயனோபைற்றா என்னும் பெருநூல் நீலப்பச்சைப் பாசிகளை இனங்காண விழைவோர்க்கு உலகெங்கும் இன்றும் கைந்நூலாக இருக்கின்றது.

இனி, இக்கட்டுரைக்குத் தலைப்பாக அமைந்த செய்திக்கு வருவோம்.

சென்னையை அறிந்தோர் கூவத்தையும் அறிவர். திருவள்ளூர்ப் பக்கத்திலே தோன்றி, திருவேற்காடு முதலிய பழந்தலங்களைத் தொட்டு, நகரை ஊடறுத்து, நேப்பியர் பாலத்தின் அருகே கடலை நாடும் அவ்வாறு, நகரம் பெருகப் பெருகக் கழிவுநீர்க் கால்வாயாயிற்று. முகத்துவாரத்தைக் கடல் மணலால் அடைத்துவிடும். மழைக்காலம் ஒழிந்த நாள்களில் நீர் நகராது தேங்கும். சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக வளாகம் அம்முகத்துவாரத்திற்கு நடை தூரத்தில் உள்ளது. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பதே நகரத்தார் வழக்கம். ஐயங்காரோ தம் மாணவர் வெங்கடராமனோடு அந்நீரை எடுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்தார். கூவத்துப் பாசிகள் எத்தகைய சூழலில் வாழ்கின்றன, பருவந்தோறும் எவை தோன்றி எவை மறைகின்றன, தயற்றம் என்னும் சிலிக்காக் கூடுடைய பாசிகள் அங்கு எங்ஙனம் மாறிமாறி வருகின்றன என்பனவற்றை ஆராய்ந்து இருவரும் எழுதிய நீண்ட கட்டுரை 1951இற் சென்னைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியாயிற்று. அப்போது ஐயங்காருக்கு வயது அறுபத்து நான்குக்கு மேல். பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் சாய்வு நாற்காலியை விடுத்துச் சாக்கடையாகிவிட்ட ஆற்றங்கரைக்குச் சென்றார்.

இதனாற் பயன் என்னை எனின், கூறுதும். நீர் அழுக்கடைந்தால் முதலில் அதனை அறிவிப்பவை அதில் வாழும் சிற்றுயிர்களே. செருமானியராகிய கொல்க்விற்சு, மார்சன் என்போர் 1908இலேயே, இன்ன பாசி இருந்தால் நீர் இன்ன அளவு அழுக்குடையது என்று வகுத்தனர். அமெரிக்கராகிய பாமர் 1969இல் அழுக்கைத் தாங்கும் பேரினங்களை வரிசைப்படுத்தினார். யூகிளினா, ஒசிலற்றோரியா, கிளமிடோமோனசு, செனடெசுமசு, குளோரெல்லா என்பன அவ்வரிசையின் தலையில் நிற்கின்றன. ஆகவே ஓர் ஆற்றின் பாசிப்பட்டியல் அதன் நாடிக்குறிப்பாகும். கூவத்துக்கு அந்நாடிக்குறிப்பை முதலில் விரிவாக எழுதிவைத்த ஏடுகளுள் ஐயங்காரின் கட்டுரை தலையாயது. ஆறு மேலும் கெட்ட பிற்காலத்தார்க்கு, முன்னர் எந்நிலையில் இருந்தது என்று ஒப்பிட ஒரு சான்று எஞ்சியது அதனால்.

அழுக்கைத் தாங்குவன அழுக்கை உண்பனவும் ஆகலாம் என்னும் கருத்து அதே காலத்தில் வேறிடத்தில் வேரூன்றிற்று. கழிவுநீரில் உள்ள அழுகற்பொருளைச் சிதைப்பவை பற்றீரியாக்கள். அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். நீரில் கரைந்த ஒட்சிசன் தீர்ந்துவிட்டாற் காற்றின்றி வாழும் வேறு பற்றீரியாக்கள் மேலோங்கி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும், சேறு கறுக்கும். கூவத்தின் கருமைக்கும் நாற்றத்துக்கும் காரணம் இதுவே. அங்கே பாசியை ஒளிபடும்படி வளரவிட்டால் அது பகல் முழுதும் ஒட்சிசனைச் சொரியும். பற்றீரியா தழைத்து அழுக்கைச் சிதைக்கும். சிதைவில் வெளிப்படும் காபனீரொட்சைட்டையும் நைதரசனையும் பொசுபரசையும் பாசி தன் உடலாக்கிக்கொள்ளும். ஒருவர் எச்சிலை மற்றவர் விருந்தாகக் கொள்ளும் உறவு. கலிபோர்ணியாவிலே ஒசுவால்ட், கோட்டாசு என்னும் இருவர் 1957இல் இதனைக் கணக்கிட்டு வகுத்து, ஆழமற்ற குளங்களிற் கழிவுநீரை ஓடவிட்டுப் பாசியாலே தூய்மை செய்யும் முறையை எழுதினர்.

ஐயங்காரின் ஆசான் வழியிலும் மற்றொரு கிளை தழைத்தது. நெல்வயலின் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு ஊட்டுகின்றது என்பதைப் பிரிட்சிடம் பயின்ற வங்கத்தவராகிய டே என்பவர் 1939இல் விளக்கினார். காசியைச் சேர்ந்த ஆர். என். சிங் 1950இல், பயிர் முளையாத ஊசர் என்னும் களர்நிலத்தை நீலப்பச்சைப் பாசியால் மீட்கலாம் என்று அறிவித்தார். கெட்ட நிலத்தைப் பாசியாலே திருத்தும் முயற்சிகளுள் நம் நாட்டுப் பக்கத்தில் எழுந்த பழையது அது.

தமிழ்நாட்டில் இவ்வித்தை ஐயங்காருக்குப் பின்னரே தொழிலாயிற்று. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலே 1991இற் கடல்வாழ் சயனோபற்றீரியாக்களுக்கென்று தேசிய நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்குப் பேணப்படும் போர்மிடியம் வல்டேரியானம் என்னும் இனம், இலீற்றருக்கு 50 மில்லிகிராம் பீனோல் கலந்த நீரிலே வளர்ந்து, ஏழு நாளில் அதில் 38 மில்லிகிராமை அகற்றியது என 1997இல் வெளியிடப்பட்டது. பீனோல் என்பது ஆலைக் கழிவுகளிற் கலந்துவரும் நஞ்சு. இராணிப்பேட்டையிலே கடற்பாசியிலிருந்து அல்சினேற்று எடுக்கும் ஆலை ஒன்றின் கழிவுநீர் கடும் அமிலம் உடையது. எரிசோடாவை இட்டு நடுநிலைப்படுத்தினாற் பெருஞ்சேறு மிஞ்சும். அந்நீரிலே குரோகோக்கசு தர்சிடசு என்னும் நீலப்பச்சைப் பாசியை வளர்த்து அமிலத்தைத் தணித்த பேரளவு முயற்சி 2009இல் நூலேறியது. பாசியின் கழிவைப் பாசியே துலக்கிய கதை! பெயர் நீண்டு நம் நாவில் இடறினும், இவ்வினங்களைப் பிழையின்றி இனங்காண முடிந்தது ஐயங்காரின் பரம்பரை எழுதிவைத்த நூல்களாலேயாம். பெயரறியாத உயிரை ஏவல்கொள்ள முடியாது.

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாசி எல்லா அழுக்கையும் விழுங்கும் பூதமன்று. அழுக்கை உண்டு பெருத்த பாசியை நீரிலிருந்து அள்ளி அகற்றாவிட்டால், அது மடிந்து அழுகி, உண்டதையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நீலப்பச்சைப் பாசிகளுட் சில தாமே நஞ்சைச் சுரப்பன; அவை மலிந்த குளத்து நீர் மனிதர்க்கும் மாட்டுக்கும் ஆகாது. 1991இற் பாரசீக வளைகுடாப் போரின்போது எண்ணெய் படிந்த கரைகளை நீலப்பச்சைப் பாசிப் படலம் மூடியபோது, பாசியே எண்ணெயைத் தின்கின்றது என்று பலர் மகிழ்ந்தனர். எண்ணெயைச் சிதைத்தவை பெரும்பாலும் அப்படலத்துள் ஒண்டியிருந்த பற்றீரியாக்கள் என்பதும், பாசி அவற்றுக்கு இடமும் ஒட்சிசனும் கொடுத்தது என்பதும் பின்னர்த் தெளிவாயின. ஐயங்கார் ஆராய்ந்த குருசடைக் கரையிலேயே மற்றொரு பாடம் உண்டு. வணிகத்துக்காகக் கொணர்ந்து வளர்த்த கப்பாபைக்கசு என்னும் அயற்கடற்பாசி அங்குள்ள பவளங்களின்மேற் படர்ந்து அவற்றை மூடுவதை 2008இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதே பாசி அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணக் கடலிலும் வளர்க்கப்படுகின்றது. வளர்ப்போர் குருசடையை மறவாதிருத்தல் நன்று.

நம் தீவுகளுக்கு இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. எமக்கு ஆறில்லை, உள்ளது மாரி மழையும், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் உவர்நீர்மேல் மிதக்கும் சிறிதளவு நன்னீருமே. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ நல்ல தண்ணீர்க் கிணறு எங்குளது என்பதைக் குழந்தையும் அறியும். மேலே கொட்டிய உரமும் மலக்குழிக் கசிவும் அவ்வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்கிவிடுகின்றன. குடாநாட்டுத் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வளவைக் கடந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். சுன்னாகச் சுற்றாடலிற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த துயரத்தை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் கண்டோம்.

கிணற்றுக்குள் பாசியை விட்டால் நைத்திரேற்று நீங்குமோ என்று என் மாணவன் ஒருவன் வினாவினான். வினா நன்று. ஆயினும் கிணற்றின் அடியில் ஒளியில்லை. ஒளியின்றிப் பாசி தொழில் செய்யாது. நிலத்தடியிற் பரந்த நீரை அங்குச் சென்று துலக்கவும் மாட்டாது. நீர் நிலத்துள் இறங்குமுன்னரே, மேற்பரப்பிலே ஒளிபடும் ஆழமற்ற குளத்தில் கழிவை நிறுத்தி, பாசியை உண்ணவிட்டு, பாசியை அள்ளித் தோட்டத்துக்கு எருவாக்குவதே பொருந்தும் முறை. அக்குளத்தின் அடி கசியாதிருத்தல் இன்றியமையாதது. கசிந்தால் மருந்தே நோயாகும். சாதாழையை எருவிட்ட முன்னோரின் பேரர்க்கு இவ்வேலை முற்றிலும் புதியதன்று. ஆனால் எப்பாசி நம் வெயிலையும் உவரையும் தாங்கும், எது நஞ்சில்லாதது என்பதை நம் குட்டைகளிலேயே தேடி அறியவேண்டும். மார்கழியில் நிரம்பிச் சித்திரையில் வெடிக்கும் குட்டைகள் நம் தீவெங்கும் உள. ஐயங்கார் சென்னையில் நாடிச் சென்றவை அத்தகைய குட்டைகளே.

அவர் இறுதி வரையில் உழைத்தார். 1962இல் இந்தியப் பாசியியற் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அவரையே அமர்த்தினர். அடுத்த ஆண்டு டிசம்பர் 10ஆந் தேதி அவர் காலமானார். எழுபத்தேழு வயது நிறைவதற்கு ஐந்து நாளே இருந்தது. வொல்வொக்சும் அதன் உறவினருமாகிய பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சி அவர் நெஞ்சுக்கு நெருங்கியது. நூற்றுக்கணக்கான கலங்கள் ஒரு பச்சைப் பந்தாகக் கூடி, ஒருங்கே நீந்தி, தன்னுள்ளே குழந்தைப் பந்துகளைச் சுமந்து திரியும் அவ்வுயிரைத் தென்னாட்டுக் குட்டைகளிலே தேடித் தேடி 1933 முதலே அவர் எழுதி வந்தார். முழு நூலாக அதனைக் காண அவருக்கு ஆயுள் போதவில்லை. தேசிகாசாரி அப்பணியை ஏற்று முடித்தார். 1981இல், ஆசிரியர் மறைந்து பதினெட்டு ஆண்டு கழித்து, வொல்வொகேல்சு என்னும் அந்நூல் வெளிவந்தது. அதன் முகப்பிலே முதலில் ஐயங்கார் பெயரும், அடுத்து மாணவர் பெயரும் அச்சிடப்பட்டன.